மரத் தரைக்கு அடியில் காற்று

நம்மில் பெரும்பாலோர் சமவெளியில் பிறந்தவர்கள். தரை என்றால் நமக்கு மண்ணின் மேல் கிடப்பது. மண்ணைத் திமிசு போட்டு இறுக்கி, மணலும் ஜல்லியும் பரப்பி, மேலே சிமெண்டு பூசினாலோ கடப்பைக் கல் பதித்தாலோ தரை ஆயிற்று. அதற்கு அடியில் என்ன இருக்கிறது என்று எவரும் கேட்பதில்லை. அடி என்று ஒன்று அங்கே இருந்தால் அன்றோ கேட்பதற்கு!

மலை நாட்டுப் பழைய வீடுகளின் கதை வேறு. சிம்லா, முசூரி, டார்ஜிலிங் முதலிய ஊர்களிலும், நம் உதகமண்டலத்திலுங்கூட, ஆங்கிலேயர் காலத்தில் எழுந்த பல வீடுகளில் தரை என்பது ஒரு பாலம். இரண்டு சுவர்களுக்கு இடையே மரச் சட்டங்களை வரிசையாகக் கிடத்தி, அவற்றின் மேல் பலகை அறைந்திருப்பார்கள். நடுவில் தாங்குவதற்கு முழங்கால் உயரத்தில் குட்டைச் சுவர்கள் இருக்கும். பலகைக்கும் மண்ணுக்கும் இடையே ஓர் இருண்ட வெற்றிடம். அந்த வெற்றிடத்தைப் பற்றியே இக்கட்டுரை. சிம்லாவில் ஒரு பழைய வீட்டில் நம் சங்கத்து நண்பர்கள் இருவர் குடியிருந்தனர். தரை ஊஞ்சல் போல் ஆடுகிறது என்று அவர்கள் எழுதவே, கட்டடக் கலை பயில்பவன் என்ற முறையில் நான் போய்ப் பார்க்க நேர்ந்தது. அங்குக் கண்டதையும், பாடத்தில் கற்றதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

சிம்லா 1864-ஆம் ஆண்டில் ஆங்கில ஆட்சியின் கோடைத் தலைநகர் ஆயிற்று. ஏறத்தாழ 2,200 மீட்டர் உயரம்; சரிவான நிலம்; சுற்றிலும் தேவதாருக் காடு. சரிவில் சமதளம் வெட்டுவது கடினம். மரமோ கைக்கெட்டும் தூரத்தில் கிடைத்தது. குளிர்காலத்தில் கல் தரையில் கால் வைக்க முடியாது. இம்மூன்றும் சேர்ந்து மரத் தரையை அங்கே இயல்பாக்கின. தேவதாரு சாமானிய மரம் அன்று. அதன் வைரப் பகுதியில் உள்ள எண்ணெய் பூச்சியையும் பூஞ்சணத்தையும் எளிதில் அண்ட விடாது. இரயில் பாதைகளுக்குக் குறுக்குக் கட்டைகளாக அது பெருவாரியாக வெட்டப்பட்டதும் அதன் உறுதியால்தான். ஆயினும் ஒன்றை மறக்கலாகாது. இவ்வுறுதி வைரத்துக்கு மட்டுமே உரியது. மரத்தின் வெளிப்புறத்து வெளிறிய பகுதிக்கு அது இல்லை. பிற்காலத்தில் பழுது பார்த்தபோது மலிவு கருதிச் சேர்த்த பிற ஊசியிலை மரங்களுக்கும் அவ்வளவு உறுதி இல்லை.

இனி, அடியில் காற்று எதற்கு? மண் ஒருபோதும் முற்றிலும் உலர்வதில்லை. மேலே வெயிலில் புழுதி பறக்கும்போதும், ஒரு முழம் தோண்டினால் ஈரம் தட்டுப்படும். மூடிய வெற்றிடத்துக்குள் அந்த ஈரம் ஆவியாகிக்கொண்டே இருக்கும். போக வழி இல்லையேல் அது மரத்தில் ஏறும். மரம், தன்னைச் சூழ்ந்த காற்றில் எவ்வளவு ஈரம் இருக்கிறதோ அதற்கேற்பத் தானும் ஈரத்தை ஏற்பதும் விடுவதுமாக இருக்கும் பொருள். காற்றின் ஈரப்பதம் 60 சதவீதமாக இருந்தால், மரத்தில் அதன் உலர் எடையில் ஏறத்தாழ 11 சதவீதம் நீர் நிற்கும். காற்று 80 சதவீதமானால் மரம் 16. காற்று 90 ஆனால் மரம் 20. அதற்கு மேல் மிக விரைவாக ஏறி, 28 அல்லது 30-இல் மரத்தின் இழைச் சுவர்கள் நீரால் நிறைந்துவிடும். இக்கணக்கில் 20 என்பதை ஓர் எல்லைக் கல்லாகக் கொள்க. அதற்குக் கீழே இருக்கும் மரம் நூறாண்டு கடந்தும் நிற்கும். அதற்கு மேலேயே நின்றுவிட்ட மரத்துக்கு ஆபத்து காத்திருக்கிறது.

அந்த ஆபத்தின் பெயர் பூஞ்சணம். மரத்தை அழுகச் செய்யும் பூஞ்சணங்கள் பல. அவற்றுள் ஒன்றைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் டிரை ராட் என்பர். 'உலர்ந்த அழுகல்' என்று பொருள்படும் இப்பெயர் பலரை ஏமாற்றியிருக்கிறது. உலர்ந்த மரத்தில் அது தோன்றுவதில்லை. அது தின்று முடித்த மரம் பழுப்பேறி, குறுக்கும் நெடுக்குமாக வெடித்து, சிறு சிறு கட்டங்களாகப் பிரிந்து, விரலால் நசுக்கினால் மூக்குப்பொடி போல உதிரும். அதனாலேயே அப்பெயர். விஞ்ஞானிகள் இட்ட பெயர் செர்ப்புலா லாக்ரிமான்ஸ். லாக்ரிமான்ஸ் என்றால் லத்தீனில் 'அழுவது'. வளரும் பூஞ்சணத்தின் மேல் கண்ணீர்போல நீர்த்துளிகள் கோத்து நிற்பதைக் கண்டு வைத்த பெயர் இது.

ஐரோப்பாவில் இந்தப் பூஞ்சணம் ஏறக்குறைய வீடுகளில் மட்டுமே காணப்படுகிறது. காடுகளில் காண்பது அரிது. வீட்டு மரத்தைத் தின்னும் இது முதலில் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி நெடுநாள் இருந்தது. இமயமலைச் சாரலின் ஊசியிலைக் காடுகளில், விழுந்த மரங்களிலும் அடிக்கட்டைகளிலும் இது இயற்கையாக வாழ்வதை ஆராய்ச்சியாளர்கள் கண்டனர். ஆகவே சிம்லாவில் இது அந்நியன் அன்று, பக்கத்துக் காட்டுக்காரன்.

இதற்கு மூன்று விசேஷ குணங்கள் உண்டு. முதலாவது, நீரைத் தூக்கிச் செல்லும் திறன். பென்சில் பருமனுக்கும் தடிக்கக்கூடிய நார்க் குழாய்களைப் பின்னி, ஈரமுள்ள இடத்திலிருந்து மீட்டர் கணக்கில், செங்கல் சுவரின் சந்துகளையும் ஊடுருவிச் சென்று, அப்பால் உள்ள மரத்தைப் பிடிக்கும். இரண்டாவது, சுண்ணாம்பில் உள்ள விருப்பம். மரத்தைத் தின்னும்போது இது சுரக்கும் ஆக்சாலிக் அமிலம் மிகுந்துவிட்டால் இதற்கே தீங்கு. சுவரின் சுண்ணச் சாந்தில் உள்ள கால்சியம் அவ்வமிலத்தை அடக்கிக் கொடுக்கிறது. ஆகவே மரமும் காரையும் அடுத்தடுத்து இருக்கும் பழைய வீடு இதற்கு விருந்து. மூன்றாவது குணமே நமக்கு வியப்பளிப்பது. இது வெப்பத்துக்கு அஞ்சும். 20 டிகிரி செல்சியஸ் அளவில் செழிக்கும். 26 டிகிரி ஆனால் வளர்ச்சி நின்றுவிடும். சென்னையிலும் டில்லியிலும் இப்பெயரை நாம் கேள்விப்படாததற்கு அதுவே காரணம். நம் ஊர் மரத்துக்குக் கறையான் எமன். மலையூர் மரத்துக்கு இது.

மேற்சொன்ன வீட்டுக்கு வருவோம். சரிவில் நிற்கும் வீடு. மேட்டுப் பக்கத்துச் சுவர் மலை மண்ணை ஒட்டி நிற்கிறது. பள்ளத்துப் பக்கத்துச் சுவர் திறந்த வெளியை நோக்கியது. பள்ளத்துப் பக்கச் சுவரின் அடியில் வார்ப்பிரும்பு ஜாலி பதித்த நான்கு துளைகள் இருந்த அடையாளம் தெரிந்தது. மூன்றில் சிமெண்டு அடைத்திருந்தது. நான்காவதன் முன் விறகு அடுக்கியிருந்தது. பக்கவாட்டுச் சுவர்களில் ஒவ்வொரு துளை. அவற்றில் ஒன்று, பிற்காலத்தில் போட்ட கான்கிரீட் நடைபாதைக்குக் கீழே புதைந்து, மழை நீரை உள்ளே வாங்கும் வாயாக மாறியிருந்தது. காற்று போக வைத்த வழியில் நீர் போய்க்கொண்டிருந்தது!

யார் அடைத்தது என்று விசாரித்தால், ஒவ்வொருவரும் நல்ல எண்ணத்தோடுதான் செய்திருக்கிறார்கள். ஒரு குளிர்காலத்தில் எலித் தொல்லை. ஒரு துளை போயிற்று. மற்றொரு குளிர்காலத்தில் பலகைச் சந்துகளின் வழியே சில்லென்று காற்று வருகிறது என்று குடியிருந்தவர் முறையிட, மற்றவையும் போயின. பின் அறை ஒன்றைக் குளியலறையாக மாற்றியபோது, அதன் மரத் தரையைப் பெயர்த்து மண் நிரப்பிக் கான்கிரீட் போட்டுவிட்டார்கள். இதுவே எல்லாவற்றிலும் பெரிய கேடு. ஏனெனில் முன்னறைக்கும் பக்கச் சுவருக்கும் இடையே காற்று ஓடிய பாதை அந்த அறையின் அடியில்தான் இருந்தது. ஒரு வீட்டில் ஓர் அறையை மட்டும் திடத் தரையாக மாற்றினால், அடுத்த அறையின் மரத் தரை மூச்சடைக்கும். மாற்றியே தீர வேண்டுமானால் கான்கிரீட்டின் அடியில் குழாய்களைக் கிடத்தி, காற்று வழியை வெளிச்சுவர் வரை கொண்டுபோய்விட வேண்டும்.

வீட்டுக்காரரின் வயது முதிர்ந்த தாயார் பின்புறம் குடியிருந்தார். அவருடைய கட்டிலின் ஒரு கால் பலகையில் இறங்கிவிட்ட பிறகே குடும்பத்தார் விழித்துக்கொண்டனர். நான் டார்ச்சு விளக்குடன் வெளியே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது அம்மூதாட்டி வந்து, "பேட்டா, என் மாமனார் இருந்தவரை தீபாவளிக்கு முன்னால் இந்த ஜாலிகளில் அடைந்த இலைதழையைக் கம்பி விட்டுக் குடைந்து எடுப்பார். எதற்கு என்று நாங்கள் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை" என்றார். எனக்கு அன்று எந்தப் பாடப் புத்தகமும் இவ்வளவு தெளிவாகச் சொல்லவில்லை. மழைக்காலம் முடிந்து உலர் காற்று வீசத் தொடங்கும் வேளையில் துளைகளைத் திறந்து வைப்பதன் நியாயம் அந்தப் பெரியவருக்குத் தெரிந்திருக்கிறது. காரணம் வழிவழியாக வராமல், காரியம் மட்டும் சில காலம் நடந்து, பிறகு அதுவும் நின்றுவிட்டது.

மிஸ்திரியை அழைத்து இரண்டு பலகைகளைப் பெயர்த்தோம். கல்லூரியிலிருந்து கொண்டுபோன ஈரமானியின் இரு ஊசிகளையும் சட்டத்தில் அழுத்தினால் எண் தெரியும். பள்ளத்துப் பக்கத்தில் 17, நடுவில் 21, மேட்டுச் சுவரை நெருங்கியபோது 29. சுவருக்குள் செருகியிருந்த சட்டத்தின் முனை, கத்தியை வைத்ததும் கைப்பிடி வரை இறங்கிற்று. சுவரோரத்தில் செம்பழுப்புத் தூள் படிந்திருந்தது. செங்கற்பொடி என்று மிஸ்திரி துடைக்கப் போனார். அது பூஞ்சணத்தின் வித்து.

வீட்டுக்காரரின் திட்டம் யாதெனில், பலகை எல்லாவற்றையும் பெயர்த்துவிட்டு வீடு முழுவதும் கான்கிரீட் போடுவது. ஒரேயடியாகத் தொல்லை தீரும் என்பது அவர் கருத்து. கருத்து எளிது, விளைவு அப்படி அன்று. மண்ணின் ஈரம் கான்கிரீட்டைக் கண்டு மறைந்துவிடாது. வழி தேடி ஓரத்துச் சுவர்களில் ஏறும். அச்சுவர்களோ மரச் சட்டகத்துக்குள் கல்லும் மண்ணும் நிரப்பிய தஜ்ஜிச் சுவர்கள். தரை மரத்தைக் காப்பாற்றாமல் சுவர் மரத்தையும் சேர்த்துக் கொடுப்பதாகும். தவிர, சரிவில் நிற்கும் வீட்டுக்குள் அத்தனை மண்ணையும் கான்கிரீட்டையும் கொட்டினால், அந்தப் பாரம் பள்ளத்துப் பக்கத்துச் சுவரைத் தள்ளும். இதை அவருக்கு எடுத்துச் சொல்ல ஒரு மாலைப் பொழுதும் நாலு கோப்பைத் தேநீரும் செலவாயின.

எத்தனை துளை வேண்டும் என்று அவர் கேட்டார். நியாயமான கேள்வி. இங்கிலாந்தின் கட்டட விதிகளுக்கான வழிகாட்டி இரண்டு அளவுகளைச் சொல்கிறது: வெளிச்சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் 1,500 சதுர மில்லிமீட்டர் திறப்பு; அல்லது தரையின் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் 500 சதுர மில்லிமீட்டர். இரண்டில் எது பெரிதோ அதைக் கொள்க. திறப்புகள் எதிரெதிர்ச் சுவர்களில் இருக்க வேண்டும். 5 மீட்டர் நீளமும் 4 மீட்டர் அகலமும் உள்ள ஓர் அறையை எடுத்துக்கொள்வோம். தரைக் கணக்கில் 20 பெருக்கல் 500, அதாவது 10,000. எதிரெதிரான இரண்டு நீளச் சுவர்களும் வெளிச்சுவர்கள் என்றால், 10 பெருக்கல் 1,500, அதாவது 15,000. பெரியது 15,000. கையகலத் துளை, 100 மில்லிமீட்டருக்கு 75 மில்லிமீட்டர் என்று வைத்தால், 7,500. இரண்டு போதும் போலத் தோன்றும். ஆனால் எலிக்குஞ்சு நுழையாதபடி 6 மில்லிமீட்டர் கண்ணுள்ள கம்பி வலை போட வேண்டுமே! கம்பி 1 மில்லிமீட்டர் பருமன் என்றால், திறப்பில் ஏறத்தாழ முக்கால் பங்குதான் மிஞ்சும். ஒரு துளைக்கு 5,500 என்று கொண்டால் மூன்று வேண்டும். இரு பக்கமும் சமமாக இருக்க, பக்கத்துக்கு இரண்டாக நான்கு வைப்பது உசிதம். வலை இன்னும் நெருக்கமானால் தூசி அடைத்துக்கொள்ளும்; அது அடைத்த துளைக்குச் சமானம்.

அமெரிக்காவில் வழங்கும் பழைய கணக்கு வேறு. தரைப் பரப்பில் 150-இல் ஒரு பங்கு திறப்பு வேண்டும் என்பது அது. நம் அறைக்கு 1,33,000 சதுர மில்லிமீட்டருக்கு மேல் வருகிறது; இங்கிலாந்துக் கணக்கைப் போல ஒன்பது மடங்கு! முரண்பாடு போலத் தோன்றினாலும் இதில் ஒரு பாடம் இருக்கிறது. மண்ணை ஈரம் கடவாத விரிப்பால் மூடிவிட்டால், அமெரிக்க விதியே 1,500-இல் ஒரு பங்கு போதும் என்கிறது. அப்போது நம் அறைக்கு 13,300. இங்கிலாந்துக் கணக்கை ஒட்டி வந்துவிடுகிறது. இங்கிலாந்தின் அளவும், அடி மண் கான்கிரீட்டால் மூடியிருக்கும் என்று எண்ணிச் சொன்னதே. ஆகவே, திறந்த மண்ணுக்குமேல் பத்துத் துளை வைப்பதைவிட, மண்ணை மூடி ஒரு துளை வைப்பது மேல். ஈரம் வந்தபின் விரட்டுவதைவிட வராமல் தடுப்பது எளிதன்றோ?

இதற்கு மலையூரில் இன்னொரு காரணமும் உண்டு. ஆடி ஆவணி மாதங்களில் சிம்லாவில் மழை விடாது. மேகம் ஜன்னல் வழியே அறைக்குள் வரும். அப்போது வெளிக் காற்று 20 டிகிரியில் 95 சதவீத ஈரத்துடன் இருக்கிறது என்று கொள்வோம். ஒரு கன மீட்டரில் ஏறத்தாழ 16.4 கிராம் நீராவி. இது தரைக்கு அடியில் 16 டிகிரியில் குளிர்ந்து கிடக்கும் கல்லையும் மண்ணையும் தொட்டால் என்ன ஆகும்? அந்தக் குளிரில் காற்று 13.6 கிராமுக்கு மேல் தாங்காது. மிச்சம் 2.8 கிராம் நீராகப் படியும். அதாவது அந்த இரண்டு மாதம் காற்றோட்டம் மரத்தை உலர்த்துவதில்லை. சில நாட்களில் நனைக்கவுங்கூடும். இதைக் காட்டிச் சிலர் துளைகளே வேண்டா என்று வாதிப்பர். எனக்கு அது சம்மதமில்லை. ஈரம் இரண்டு மாதம் ஏறினாலும், ஐப்பசி தொடங்கி வீசும் உலர் காற்று பல மாதம் அதை இறக்குகிறது. பூஞ்சணம் வேரூன்ற ஈரம் நீடித்து நிற்க வேண்டும். ஏறி இறங்கும் ஈரம் மரத்துக்குப் பழக்கம்; இறங்க வழியில்லாத ஈரமே நோய்.

சரிவு வீட்டின் தனித் தொல்லை மேட்டுச் சுவர். அந்தப் பக்கம் மண்ணாதலால் துளை வைக்க இயலாது. காற்று ஒரு பக்கம் நுழைந்து மறு பக்கம் வெளியேறினால்தான் ஓடும். ஒரே பக்கத்தில் எத்தனை வாசல் வைத்தாலும் உள் மூலையில் காற்று அசையாது. ஈரமானி காட்டிய 17-உம் 29-உம் இதைத்தான் சொல்லின. இதற்கு வழி, இரண்டு பக்கவாட்டுச் சுவர்களிலும் மேட்டுச் சுவருக்கு எவ்வளவு அருகில் முடியுமோ அவ்வளவு அருகில் துளை வைத்து, காற்றைச் சரிவின் குறுக்கே ஓட விடுவது. நடுவில் உள்ள குட்டைச் சுவர்கள் முழுச் சுவராக இருந்தால், இடையிடையே ஒரு கல்லை எடுத்துச் சந்து விட வேண்டும். வேலை முடிந்ததும் ஓர் ஊதுவத்தியைக் கொளுத்தித் துளையருகே பிடித்துப் பார்க்கலாம். ஒரு பக்கம் புகை உள்ளே இழுக்கப்பட்டு, மறு பக்கம் வெளியே தள்ளப்பட்டால் பாதை திறந்துவிட்டது.

குளிர் முறையீட்டையும் அலட்சியம் செய்யக் கூடாது. இல்லையேல் அடுத்த மார்கழியில் யாரேனும் கந்தைத் துணியைத் துளையில் திணிப்பார்கள். குளிரைத் தடுக்க வேண்டிய இடம் துளை அன்று, பலகை. பலகைச் சந்துகளில் மெல்லிய மரச் சீவலை ஒட்டி அடைக்கலாம். சட்டங்களுக்கு இடையே வலை கட்டி, அதன்மேல் கம்பளியோ பாறைப் பஞ்சோ பரப்பினால் தரை வெதுவெதுப்பாக இருக்கும். அதன் அடியில் பிளாஸ்டிக் தாள் கட்டுவோர் உண்டு. அது வேண்டா, மேலிருந்து இறங்கும் ஈரம் அதில் தங்கிச் சட்டத்தை நனைக்கும்.

கடைசியில் அந்த வீட்டில் நடந்த வேலை இது. முதலில் நடைபாதையை வெட்டி இறக்கி, மழை நீரை வாய்க்காலில் திருப்பினார்கள். மேட்டுச் சுவரின் வெளியே கல் நிரப்பிய வடிகால் ஒன்று வெட்டினார்கள். பிறகே துளைகள் திறக்கப்பட்டன; பக்கவாட்டில் புதிதாக இரண்டு சேர்ந்தன. அழுகிய சட்ட முனைகளை, கண்ணுக்குத் தெரிந்த அழுகலுக்கு அப்பாலும் சிறிது தூரம் தள்ளி அறுத்து எரித்துவிட்டு, தேவதாரு வைரத்தில் புதுத் துண்டு இணைத்தார்கள். அம்முனைகளை மீண்டும் சுவருக்குள் செருகாமல், சுவரில் பதித்த இரும்புத் தாங்கியில் உட்கார வைத்தார்கள். மண்ணின்மேல் தடித்த பாலிதீன் விரித்து, ஓரங்களில் கல் வைத்தார்கள். மிஸ்திரி மருந்து தெளிக்க வேண்டும் என்றார். புது முனைகளுக்கு மட்டும் பூசினால் போதும் என்று முடிவாயிற்று. ஈரம் போன இடத்தில் பூஞ்சணத்துக்கு மருந்து பெரும்பாலும் மிகை. ஈரம் போகாத இடத்தில் மருந்து வீண்.

இரண்டு பலகைகளை மட்டும் ஆணி அடிக்காமல் திருகு வைத்து மூடச் சொன்னேன், ஆண்டுக்கு ஒரு முறை திறந்து பார்ப்பதற்காக. அடுத்த வைகாசியில் நண்பர் ஈரமானியை வாங்கிப்போய் அதே இடங்களில் குத்திப் பார்த்து எழுதினார்: பள்ளத்துப் பக்கம் 13, நடுவில் 14, மேட்டுச் சுவரருகே 18. மேட்டுப் பக்கத்து எண் இன்னும் இறங்க வேண்டும். மழைக்குப் பிறகு மறுபடி பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.